கேட் வரைக்கும் போயிருக்கிறாள்

காலை ஏழரை மணிக்கு மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நர்ஸ் நசீஹா செய்கிற முதல் வேலை ஆறு வென்டிலேட்டர்களையும் ஓடவிடுவது. நோயாளி என்று ஒருவரும் கிடையாது. ஆறு கட்டில்களின் மெத்தைகளுக்கும் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. ஒவ்வொரு குழாயின் முனையிலும் உள்ளங்கை அளவு ரப்பர் பை ஒன்றைச் செருகிவைத்திருந்தாள். கருவிகளைப் பொருத்த வந்த பொறியாளர் அதை ரப்பர் நுரையீரல் என்றார். தினமும் பத்து நிமிடம் ஓட்டாவிட்டால் பேட்டரி செத்துப்போகும் என்று எச்சரித்துவிட்டுப் போன அந்த மனிதர், இரண்டு வருடமாக ஐன் தரீஃப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஆறு பைகளும் உப்பித் தாழும். நசீஹா நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்துத் தின்பாள். பேட்டரிக்காக மட்டும் அவள் இதைச் செய்யவில்லை. தன் மூச்சைத் தவிர வேறொரு மூச்சின் சத்தம் அவள் காதில் விழுவது ஒரு நாளில் அந்தப் பத்து நிமிடம்தான். வீட்டில் டெலிவிஷன் இருந்தது. அது பேசும், மூச்சு விடாது.

தொற்று வந்து, ஊரில் பாதி வீடுகளில் அழுகை ஓய்ந்த பிறகு, அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்தது. சின்ன ஊர் மருத்துவமனைகளுக்கென்று நிதி ஒதுக்கினார்கள். ஐன் தரீஃபுக்கு ஆறு கட்டில்களோடு தீவிர சிகிச்சைப் பிரிவு வந்தது. மாகாண ஆளுநர் வந்து ரிப்பன் வெட்டி, பேரீச்சம்பழ மக்ரூத் பலகாரம் நாலைந்து வாயில் போட்டுக்கொண்டு, வாசலில் பதித்த சலவைக்கல்லில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே, தொற்றில் செத்துப்போன நர்ஸ் ஷாத்லியாவின் படத்தையும் கீழே பெயர் எழுதிச் சட்டம்போட்டு மாட்டினார்கள்.

அதே நிதியில், தொற்று வார்டில் வேலைபார்த்தவர்களுக்கு ஊக்கத்தொகையும் வந்தது. இளையவள் வசீலா அதைக் கட்டி ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்தாள். ரம்ஸி கத்தாருக்கு விசா எடுத்தான். ஆட்கள் போய்விடக் கூடாது என்று கொடுத்த பணம், போகிறவர்களுக்கு வழிச்செலவாயிற்று. அவர்களைக் குறைசொல்ல நசீஹாவுக்கு வாய் வரவில்லை. பஸ் ஏற்றிவிடப் போனபோது வசீலாவின் பையில் ஹரீஸா மிளகாய் விழுது டப்பா இரண்டை அவளே திணித்தாள். தன் பங்கை என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஷாத்லியாவைப் புதைத்தது நகராட்சி ஆட்கள். மண்மேட்டில் ஒரு தகரத்தில் எண் எழுதி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நசீஹா அந்தத் தகரத்தைப் பிடுங்கிவிட்டு வெள்ளைக்கல் வைத்தாள். பணம் அதற்குத்தான் சரியாக இருந்தது.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்த நிதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் நாலு பேர் இருந்தால்தான் பிரிவைத் திறக்கலாம். இரண்டு வருடத்துக்குள் திறக்காவிட்டால் கருவிகள் ஆள் இருக்கிற ஊருக்குப் போய்விடும். பயிற்சி பெற்றவர்களில் மிச்சம் இருந்தது நசீஹா ஒருத்தி. கெடு அந்த ஜனவரியோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை தலைநகரிலிருந்து அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது.

கருவிகள் போனால் என்ன, பெரிய மருத்துவமனை ஒன்றேகால் மணி நேரத்தில் இருக்கிறதே என்று கேட்பவர்கள் அந்த மலைப்பாதையில் நோயாளியோடு போயிருக்க மாட்டார்கள். ஷாத்லியா அந்தப் பாதையில்தான் செத்தாள். ஜூலை மாதம், மத்தியான வெயில். அப்போது ஐன் தரீஃபில் ஒரு வென்டிலேட்டர்கூட இல்லை. ஆம்புலன்ஸில் கூட இருந்து, கையால் அமுக்கும் காற்றுப்பையை அமுக்கியபடி போனது நசீஹா. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. ஷாத்லியாவின் அக்காவிடமும் பேசவில்லை.

ஷாத்லியா, நசீஹா, வசீலா, ரம்ஸி. ஒன்றரை வருடம் அந்த நாலு பேர்தான் தொற்று வார்டு. இரண்டு நாள் மூன்று நாள் வீடு பார்க்காமல் நிற்பார்கள். யாருக்காவது கால் துவண்டால் போர்வை அடுக்கிவைத்த அறையில் போய் விழுந்து கொஞ்சம் தூங்கிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் இயக்குநரோ, மாகாண அலுவலகமோ, யார் போன் பண்ணி ஆள் எங்கே என்று கேட்டாலும் ஒரே பதில்தான். "கேட் வரைக்கும் போயிருக்கா. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவா." இந்தச் சட்டத்தைப் போட்டவள் ஷாத்லியா. ஒருத்தர் மற்றவருக்காகக் கையெழுத்தும் போடுவார்கள். காகிதத்தைத் தொட்டால் கையுறை மாற்ற வேண்டும், கையுறையோ தட்டுப்பாடு. ஆகவே யார் முதலில் மேசைக்கு வருகிறார்களோ அவர்கள் நாலு பேருக்கும் சேர்த்து டூட்டிப் பட்டியலில் எழுதிவிட்டுப் போவார்கள். நாலு பேருக்கும் நாலு கையெழுத்தும் அத்துப்படி.

இயக்குநர் முன்ஸிஃப், ஊர் மரியாதைப்படி சி முன்ஸிஃப், நல்ல மனிதர்தான். ஆனால் எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. திங்கட்கிழமை நசீஹாவை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். மூன்று மாத டூட்டிப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். நசீஹா பெயர், வசீலா பெயர், ரம்ஸி பெயர், நாலாவதாகப் பிரசவ வார்டு சுஆத் பெயர். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும்.

"ஆளுக்கு என்ன பண்றது சி முன்ஸிஃப்?"

"ஆள அப்புறம் பாத்துக்கலாம் மதாம். மிஷின் போச்சுன்னா திரும்ப வராது. மிஷின் இருந்தா என்னைக்காவது ஒரு நாள் ஆள் வரும்."

வாழ்நாளில் அவர் சொன்ன புத்திசாலித்தனமான பேச்சு அது ஒன்றுதான் என்று நசீஹா நினைத்தாள். பொய்க் கணக்கு எழுதுவது தப்பு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த மலைப்பாதையும் தெரியும். சரி என்றாள்.

சாயங்காலம் யாருமில்லாத தீவிர சிகிச்சைப் பிரிவில் காஸ் ஹீட்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். தொண்ணூற்றிரண்டு நாள். முதல் பக்கத்தில் கை தயங்கியது. இரண்டாவது பக்கத்திலிருந்து கை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எழுத எழுத அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காலை டூட்டி இவர், மாலை டூட்டி அவர், வெள்ளிக்கிழமை விடுப்பு இன்னார் என்று எழுதும்போது வார்டில் ஆள் நடமாட்டம் கேட்பதுபோல இருந்தது. ரம்ஸிக்கு ஞாயிறு விடுப்பு பிடிக்கும் என்று ஞாபகம் வந்து ஞாயிறு எல்லாம் அவனுக்கே கொடுத்தாள். வீட்டுக்குப் போகும்போது பல மாதங்களுக்குப் பிறகு பசித்தது. முட்டை உடைத்து ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பத்து மணிக்கு ஒரு கார் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு காலி லாரியும் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. கருவிகளை ஏற்றிக்கொண்டு போகவே வந்த லாரி என்று நசீஹாவுக்குப் புரிந்தது.

அதிகாரியின் பெயர் சி நூரி. ஓய்வுபெற இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருக்கும். பழைய மேல்கோட்டு, கையில் மாத்திரை டப்பா. அதிகாரம் பண்ணுகிற ஆளாகத் தெரியவில்லை, தூக்கம் கெட்ட ஆளாகத்தான் தெரிந்தார். வாசலில் ஆளுநரின் கல்லைத் தாண்டி, அதற்குப் பக்கத்தில் இருந்த படத்தின் முன் ஒரு நொடி நின்று, உதட்டுக்குள் ஏதோ துஆ சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஆறாவதையும் பார்த்துவிட்டு நசீஹாவின் பக்கம் திரும்பினார்.

"பதினோரு ஊர் பாத்துட்டேன். ஒரு இடத்துலயும் பேட்டரி உயிரோட இல்ல. இங்க மட்டும் எப்படி?"

தினமும் ஓட்டுகிறேன் என்றாள் நசீஹா. வெள்ளிக்கிழமையுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமையும்தான் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சி முன்ஸிஃபின் முகத்தில் பல் தெரிந்தது.

பிறகு பட்டியலைக் கேட்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டி முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார். படிக்கத் தெரிந்த அதிகாரி வந்தது எங்கள் தலையெழுத்து என்று சி முன்ஸிஃப் பின்னாளில் சொல்லித் திரிந்தார். சி நூரி கைப்பேசியை எடுத்து, பட்டியலில் இருந்த வசீலாவின் எண்ணை அழுத்தினார். காது சரியாகக் கேட்காது என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

வசீலா ஊர் எண்ணை விடவில்லை. வெளிநாடு போனவர்கள் யாரும் விடுவதில்லை, இரண்டாவது கைப்பேசியில் போட்டுவைத்திருப்பார்கள். நாலு தடவை மணி அடித்ததும் எடுத்தாள். நசீஹா அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. வேலைக்கு நடுவில் எதற்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டாள்.

"அமைச்சகத்துலேருந்து பேசறேன்மா. நர்ஸ் வசீலாதானே? ஐன் தரீஃப் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன். நீ இங்கதான் டூட்டியில இருக்கியா?"

அவள் குரல், தண்ணீர் குடித்தது போலச் சாதாரணமாக வந்தது.

"ஆமாங்க ஐயா. இப்பத்தான் கேட் வரைக்கும் வந்தேன், நோயாளியோட ஆளுங்க கூப்பிட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல உள்ள வந்துடுவேன்."

நசீஹா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஏதோ ஒரு தெருவில் நின்றுகொண்டு, என்ன ஏது என்று கேட்காமல் அந்தப் பெண் சட்டத்தைக் காப்பாற்றுகிறாள்.

"வெளிய குளுரு எப்படிம்மா இருக்கு?" என்றார் சி நூரி.

"பனி கொட்டுதுங்க ஐயா."

ஜன்னல் வழியாக வெயில் அறையின் பாதி வரை விழுந்திருந்தது. கைப்பேசியில் மணிச்சத்தம் கேட்டது, பிறகு ஒரு பெண் புரியாத மொழியில் ஏதோ அறிவித்தாள்.

"சரிம்மா. குளுர்ல நிக்காத, உள்ள போ" என்று சொல்லி அவர் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பொண்ணும் அங்கதான் இருக்கா. ஆறு வருஷம் ஆச்சு. அவ பேசும்போதெல்லாம் பின்னால இந்த டிராம் மணி கேக்கும்."

சி முன்ஸிஃப் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். சி நூரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பட்டியலின் முதல் வரியில் விரலை வைத்து நசீஹாவிடம் நீட்டினார்.

"இவங்க?"

நசீஹா குனிந்து பார்த்தாள். ஷாத்லியா என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வால் சுழித்த அவளுடைய கையெழுத்து. பக்கத்தைப் புரட்டினாள். அடுத்ததிலும் ஷாத்லியா, அதற்கடுத்ததிலும். சுஆத் என்று ஓரிடத்தில்கூட இல்லை. ஒன்றரை வருடம் எந்த வரிசையில் எழுதினாளோ அதே வரிசையில் கை எழுதிவிட்டுப் போயிருக்கிறது, தொண்ணூற்றிரண்டு நாளும். எழுதும்போது அவளுக்கு வித்தியாசமாகவே படவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், படச் சட்டத்துக்குள் இருந்து ஷாத்லியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவறி எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"கேட் வரைக்கும் போயிருக்கா. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவா."

சி முன்ஸிஃப் கண்ணை மூடிக்கொண்டார். சி நூரி கோபப்படவில்லை. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், பிறகு ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி. அஞ்சு நிமிஷந்தானே. இருந்து பாப்போம்."

உண்மையாகவே உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சி முன்ஸிஃப் காப்பி சொல்லிவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நசீஹா ஆறு கருவிகளையும் ஓடவிட்டாள். அதிகாரி வரும் பதற்றத்தில் அன்று காலை ஓட்ட மறந்திருந்தாள். ரப்பர் பைகள் உப்பித் தாழ்ந்தன. இரண்டு பேரும் அவற்றைப் பார்த்தபடி இருந்தார்கள். யாரும் கேட்காமலே அவள் பேச ஆரம்பித்தாள்.

"ஆம்புலன்ஸுல நான்தான் கூட இருந்தேன். ஒரு மணி நேரம் பைய அமுக்கிட்டே போனேன். குவாரி வளைவுகிட்ட கை மரத்துப்போச்சு, விரல் மடங்கல. இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்தினேன். ஒரு நிமிஷம் ஆயிருக்கும், இல்ல அரை நிமிஷம். அதுக்கப்புறம் அவளுக்கு நாடி இல்ல." விரல்களை மடக்கிப் பார்த்தாள். "அந்த ஒரு நிமிஷத்துலதான் போனாளான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

அப்படி இருக்காது, உங்கள் மேல் தப்பில்லை என்று யாரும் சொல்லக்கூடியதை அவரும் சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

"எனக்கும் தெரியாதும்மா" என்றார்.

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. யாரோ ஒருத்தர் அவளோடு சேர்ந்து அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அவர் எழுந்தார். நாலு பேர் இல்லாமல் பிரிவைத் திறக்கலாம் என்று தன்னால் எழுத முடியாது என்றார். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் ஏழு நர்ஸ்கள் இருக்கிறார்கள், ஒரு கருவியும் இல்லை, அங்கேயும் பிள்ளைகுட்டிகள் மூச்சுத் திணறுகிறார்கள் என்றார். நசீஹா அதை மறுத்துப் பேசவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? பிறகு அவர் ஆறாவது கருவியின் மேல் கையை வைத்தார். அது மற்றவற்றைவிடச் சின்னது, கைப்பிடி வைத்தது, தூக்கிக்கொண்டு போகக்கூடியது.

"இத ஆம்புலன்ஸுக்குன்னு எழுதறேன். அதுக்கு ஒரு ஆள் போதும்."

"ஒரு ஆள் இருக்கேன்" என்றாள் நசீஹா.

டூட்டிப் பட்டியலை அவர் கோப்பில் சேர்க்கவில்லை. நாலாக மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். தான் அதைப் பார்க்கவே இல்லை என்றார். சி முன்ஸிஃப் காப்பியோடு வந்தபோது குடிக்க ஆளில்லை.

ஐந்து கருவிகளையும் லாரியில் ஏற்றும்போது நசீஹா கூடவே நடந்தாள். ரப்பர் நுரையீரல் ஐந்தையும் துணியில் சுற்றி லாரி ஓட்டுநரிடம் கொடுத்து, தினமும் பத்து நிமிடம் ஓட்டவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது, "சொல்லிடறேன் லல்லா, என் அம்மா மேல சத்தியமா" என்று அக்கா முறை வைத்து அவன் சிரித்தான். லாரி கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை நின்றாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவள் கால்கள் பழக்கத்தில் பிரிவின் கதவு வரை போய்விட்டன. உள்ளே தரையில் ஐந்து சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. திரும்பி ஆம்புலன்ஸ் கொட்டகைக்குப் போனாள். வண்டி மாறவில்லை, அதே பழைய வெள்ளை வண்டிதான். பின்கதவைத் திறந்து ஏறி, பக்கவாட்டு இருக்கையில், அன்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். ஷாத்லியா செத்த அந்த ஜூலைக்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறியதில்லை, ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தாள். சுவரில் கருவியை மாட்டியிருந்தார்கள். குழாயின் முனையில் ரப்பர் நுரையீரலைச் செருகி, ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் வைத்துவிட்டு ஓடவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வசீலா கூப்பிட்டாள்.

"லல்லா, நேத்து யாரு அந்தக் கிழவன்? வேலைக்கு நடுவுல உங்ககிட்ட பேச முடியல. பனின்னு வேற உளறிட்டேன். அங்க பனி பெஞ்சுதா?"

"பெஞ்சுது" என்றாள் நசீஹா.

"அப்பாடா. மாட்டிக்கலையே?"

"மாட்டிக்கல. நல்லா சொன்ன."

"மிஷினெல்லாம் இருக்கா? ஆறும்?"

"ஆறும் இருக்கு."

சத்தம் கேட்கவேண்டும் என்றாள் வசீலா. நசீஹா கைப்பேசியைக் கருவியின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள். சத்தம் கம்மியாக இருக்கிறதே என்றாள் அவள். கதவைச் சாத்தியிருக்கிறேன், குளிர் என்றாள் இவள். டிராம் வந்துவிட்டது போலிருக்கிறது, மணி கேட்டது. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் லல்லா என்று பழைய வேடிக்கையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வசீலா வைத்துவிட்டாள்.

நசீஹா கைப்பேசியைப் பக்கத்தில் வைத்தாள். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் அந்தச் சின்னப் பை தானாக உப்பியது, தானாகத் தாழ்ந்தது. அவளுடைய கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.